கேள்வி – பதில்: ஓவர்டிரைவ் இருக்க டிஸ்டார்ஷன் எதற்கு?

கேள்வி: எலெக்ட்ரிக் கிட்டார் வாசிக்கும் என் மகனிடம் ஓவர்டிரைவ் பெடல் ஒன்று இருக்கிறது. இப்போது டிஸ்டார்ஷன் பெடலும் வேண்டும் என்கிறான். இரண்டுமே ஒலியைக் கரகரப்பாக்கும் பெட்டிகள்தானே?

பதில்: கரகரப்பு இரண்டிலும் உண்டு, அது பிறக்கும் விதம் வேறு. கம்பியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் கிட்டாரின் பிக்கப்பிலிருந்து வரும் மெல்லிய மின் அலையைப் பெடல் முதலில் பல மடங்கு பெருக்கி, பிறகு ஓர் எல்லையைத் தாண்டும் முகடுகளை மழுக்குகிறது. அப்படி வடிவம் மாறிய அலையில், மூலச் சுரத்தின் அதிர்வெண்ணைப் போல இரு மடங்கு, மும்மடங்கு என அமையும் மேற்சுரங்கள் வலுப்பெறுகின்றன. நம் காதுக்குக் கரகரப்பாகப் படுவது அவைதான்.

முகட்டை மழுக்குபவை பெரும்பாலும் மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் கடத்தும், சில ரூபாய் விலையுள்ள டையோடுகள் என்ற சிறு மின்னணு உறுப்புகள். சிலிக்கான் டையோடு சுமார் 0.6 வோல்ட்டில் மின்சாரத்தைக் கடத்தத் தொடங்கும். அதைச் சுற்றில் எங்கே வைக்கிறார்கள் என்பதில்தான் உங்கள் கேள்விக்கான விடை இருக்கிறது. 1978இல் வந்த பாஸ் நிறுவனத்தின் டிஎஸ்-1 போன்ற டிஸ்டார்ஷன் பெடலில், பெருக்கப்பட்ட அலையை டையோடுகள் நேரே தரை இணைப்புக்குத் திருப்பிவிடுவதால், முகடு ஏறக்குறையத் தட்டையாகிவிடும். ஒலி கூர்மையாக, முரட்டுத்தனமாக இருக்கும். இபானெஸ் நிறுவனத்தின் டியூப் ஸ்கிரீமர் போன்ற ஓவர்டிரைவில் அதே டையோடுகள், பெருக்கியின் வெளியீட்டில் ஒரு பகுதியை அதன் உள்ளீட்டுக்கே திருப்பும் பின்னூட்டப் பாதையில் அமர்ந்திருக்கின்றன. அவை கடத்தும்போது பெருக்கம் குறைகிறதே தவிர மூல அலை மறைவதில்லை. ஆகவே முகடு வளைந்து மட்டுமே அடங்குகிறது, மீட்டும் விரலின் அழுத்தமும் ஓரளவு தெரிகிறது. மேலும், அதில் சுமார் 720 ஹெர்ட்ஸுக்குக் கீழே போகப்போகப் பெருக்கம் குறையும்படி அமைத்திருப்பதால் கீழ்ச்சுரங்கள் குழம்புவதில்லை. குழுவாக வாசிக்கும்போது பேஸ் கிட்டாருடன் மோதாமல் தனித்துக் கேட்பதற்கு இதுவே காரணம். (இந்தச் சிக்கனமான அமைப்பைப் பார்க்கும்போது, பழைய பெடல்களுக்குக் கொட்டிக் கொடுக்கும் விலை எனக்கு மிகையாகவே படுகிறது.)

எனவே உங்கள் மகன் கேட்பது வீண் செலவன்று. டிஸ்டார்ஷன் வந்தபின் ஓவர்டிரைவை அதற்கு முன்னால் இணைத்து, கரகரப்பின் அளவை மாற்றும் டிரைவ் குமிழைக் குறைத்து, வெளிவரும் ஒலியின் அளவை மாற்றும் லெவல் குமிழை உயர்த்தி வாசிக்கச் சொல்லுங்கள். கீழ்ச்சுரங்கள் இறுகி, டிஸ்டார்ஷன் இன்னும் தெளிவாகக் கேட்கும்.