லண்டன் பின்வளவில் கோழி வளர்க்கலாமா?

தம்பி, ஹரோவில் வாடகைக்கு எடுத்த வீட்டின் பின்வளவில் நாலு பேடும் ஒரு சேவலும் வளர்க்க ஆசை என்று கேட்டிருந்தீர்கள். கவுன்சில் விடுமா, வீட்டுக்காரர் விடுவாரா, குசினியில் மிஞ்சுகிற சோற்றையே போட்டு வளர்க்கலாமா என்றும் கேட்டீர்கள்.

பேடு தாராளமாக வளர்க்கலாம். சேவல் வேண்டாம். சோறு போடவே கூடாது. இந்த மூன்றாவதுதான் எங்கட ஆக்கள் அறியாமலே சட்டத்தை மீறுகிற இடம், ஆகவே அதைப் பிறகு விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் அனுமதி விடயம். வீட்டுத் தேவைக்கு நாலைந்து கோழி வைக்க கவுன்சிலிடம் லைசன்ஸ் எடுக்கத் தேவையில்லை. சின்னக் கூட்டுக்கு பிளானிங் அனுமதியும் பெரும்பாலும் வேண்டாம். வீட்டின் முன்பக்கத்தில் வைக்காமல், எல்லைவேலிக்கு இரண்டு மீட்டருக்குள் வருகிற கூடு இரண்டரை மீட்டருக்கு மேல் உயராமல் பார்த்துக்கொண்டால் போதும்.

வாடகை ஒப்பந்தத்தில் மிருகங்கள் வளர்க்கக்கூடாது என்று எழுதியிருக்கிறது என்றீர்கள். இங்கிலாந்திலும் வேல்சிலும் 1950ஆம் ஆண்டின் அலொட்மென்ட்ஸ் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. அதன் 12ஆம் பிரிவின்படி, வியாபாரத்துக்கு அல்லாமல் பேட்டுக்கோழியும் முயலும் வளர்ப்பதை குத்தகை, வாடகை ஒப்பந்தம் எதுவும் தடுக்க முடியாது. சுகாதாரக் கேடோ அயலுக்குத் தொல்லையோ வரக்கூடாது என்பதுதான் நிபந்தனை. யுத்தம் முடிந்தும் இந்த நாட்டில் முட்டை பங்கீட்டில்தான் கிடைத்தது, 1953இல்தான் அது நீங்கியது. வீட்டுக்கு வீடு கோழி வளர்த்துச் சமாளித்த காலத்துச் சட்டம் இது, இன்றும் நடைமுறையில் இருக்கிறது.

ஆனாலும் சட்டத்தைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்காரரிடம் போகாதீர்கள். வந்து கொஞ்சக் காலம்தான், வாடகை வீட்டில் இருக்கிறீர்கள், அவருடைய நல்லெண்ணம் உங்களுக்கு வேண்டும். கோழி கிளறினால் புல்தரை ஒரு மாரிக்குள் சேறாகிவிடும், வீட்டை விடுகிற நேரம் டெப்பொசிட்டில் கை வைப்பார்கள். எந்த மூலையில் கூடு வரும், போகும்போது புல் போட்டுக் கொடுப்பேன் என்று முன்கூட்டியே கதைத்து, ஒரு ஈமெயிலில் சம்மதம் வாங்கி வையுங்கள்.

சேவலைப் பற்றி: அந்த 1950ஆம் ஆண்டுச் சட்டம் பேட்டை மட்டும்தான் காப்பாற்றுகிறது. சேவல் வளர்ப்பதை நேரடியாகத் தடுக்கிற பொதுச் சட்டம் இல்லை என்றாலும், ஜூன் மாதம் ஐந்து மணிக்கு முன்னமே விடிகிற ஊர் இது. இரவு வேலை முடித்துப் படுத்த அயலவர் ஒருவர் முறைப்பாடு செய்தால், கவுன்சிலின் சுற்றாடல் சுகாதாரப் பிரிவு 1990ஆம் ஆண்டின் சுற்றாடல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் நோட்டீஸ் அனுப்பலாம். அதை மீறினால் வழக்கு. சேவல் இல்லாவிட்டாலும் பேடு முட்டையிடும், குஞ்சு மட்டும் பொரிக்காது.

இனிப் பதிவு. முன்பு ஐம்பதோ அதற்கு மேலோ பறவை வைத்திருப்பவர்கள்தான் பதிய வேண்டியிருந்தது. 2024 ஒக்டோபர் 1 முதல் இங்கிலாந்திலும் வேல்சிலும் ஒரேயொரு கோழி வைத்திருந்தாலும் பதிவு கட்டாயம். மிருக, தாவர சுகாதார முகவரகத்தின் இணையத்தளத்தில் இலவசமாகப் பதியலாம். கோழி வந்து ஒரு மாதத்துக்குள் செய்யுங்கள். இதை ஒரு கடதாசி வேலை என்று தள்ளிப்போடாதீர்கள். உங்கள் பகுதியில் பறவைக் காய்ச்சல் வந்தால் அவர்கள் அறிவிப்பது அந்தப் பட்டியலில் உள்ளவர்களுக்குத்தான்.

பறவைக் காய்ச்சல் இங்கே வெறும் பேப்பர் செய்தி இல்லை. தொற்று உறுதியான இடத்தைச் சுற்றி மூன்று கிலோமீட்டர் பாதுகாப்பு வலயம், பத்து கிலோமீட்டர் கண்காணிப்பு வலயம் என்று அறிவிப்பார்கள். நிலைமை மோசமானால் எல்லாக் கோழிகளையும் அடைத்து வைக்கச் சொல்லி உத்தரவு வரும். இங்கிலாந்தில் 2022 நவம்பர் 7 தொடங்கி 2023 ஏப்ரல் 18 வரை அப்படி அடைத்து வைத்தார்கள். நாலு கோழிக்காரருக்கும் நாற்பதாயிரம் கோழிக்காரருக்கும் ஒரே உத்தரவுதான். அதனால் கூட்டோடு சேர்ந்து கோழி நடமாடுகிற அடைப்பையும் தொடக்கத்திலேயே கூரை போட்டுக் கட்டுங்கள். காட்டுப் பறவையின் எச்சம் உள்ளே விழாதபடி மேலே பிளாஸ்டிக் தகடு, சுற்றிவரச் சிறு கண் வலை. இடம் தாராளமாக இருக்கட்டும், மாதக்கணக்கில் அதற்குள்ளேயே நிற்க வேண்டி வரலாம்.

அந்த வலைதான் நரிக்கும் மருந்து. ஊரில் கீரிக்கும் மரநாய்க்கும் பயந்தோம், லண்டனில் நரி பட்டப்பகலிலேயே வேலியில் ஏறி நிற்கும். கடையில் சிக்கன் வயர் என்று விற்கிற அறுகோணக் கண் வலையை வாங்காதீர்கள். அது கோழி வெளியே போகாமல் தடுக்கும், நரி உள்ளே வராமல் தடுக்காது, பல்லால் கடித்துப் பிரித்துவிடும். சந்திகள் ஒட்டிய வெல்ட் மெஷ் வேண்டும். அதைக் கீழே மடித்து, வெளிப்பக்கமாக ஒரு அடி அகலத்துக்கு நிலத்தில் விரித்து மேலே கல்லடுக்கினால், நரி சுவரோரம் தோண்டத் தொடங்கிய இடத்திலேயே நகம் கம்பியில் முட்டி நின்றுவிடும். டிசம்பரில் நாலு மணிக்கு முன்னமே இருட்டும். நீங்கள் அப்போது வேலையில் நிற்பீர்கள். வெளிச்சத்தை உணர்ந்து தானாக மூடுகிற கதவொன்று பூட்டுங்கள், காசு போனாலும் பரவாயில்லை.

இப்போது சோற்றுக் கதை. 2001 பெப்ரவரியில் இங்கே கால்நடைகளுக்குக் கோமாரி பரவியது. நோதம்பர்லண்டில் ஒரு பன்றிப் பண்ணையில், சரியாகக் கொதிக்க வைக்காத மிச்ச உணவைப் போட்டதிலிருந்து தொடங்கியது என்றுதான் விசாரணையில் கருதினார்கள். அறுபது லட்சத்துக்கும் மேற்பட்ட மிருகங்களைக் கொன்றார்கள், பொதுத்தேர்தலையே மே மாதத்திலிருந்து ஜூனுக்குத் தள்ளினார்கள். அதற்குப் பிறகு வந்த தடை பன்றிக்கு மட்டுமல்ல, உங்கள் வீட்டுக் கோழிக்கும் பொருந்தும். குசினிக்குள் போய் வந்த எதையும் போடக்கூடாது. பழஞ்சோறு, இடியப்பத் துண்டு, பாண், ஏன், வெட்டிக் கழித்த கரட் தோல்கூட இதில் அடங்கும். செல்லப்பிராணியாக வளர்த்தாலும் சட்டத்தின் கண்ணில் கோழி உணவுக்கான மிருகம்தான்.

விலக்கு ஒன்று இருக்கிறது, அது முற்றிலும் வீகன் வீடுகளுக்கு, அதாவது மிருகங்களிலிருந்து வரும் எதுவும் புழங்காத வீடுகளுக்கு. இங்கேதான் எங்கட சைவக்காரர் பிழையாக விளங்கிக்கொள்கிறார்கள். நாங்கள் மச்சம் தொடுவதில்லை, ஆகவே போடலாம் என்பார்கள். பால், தயிர், நெய் புழங்கும் குசினி என்றால் அந்த விலக்கு கிடையாது.

பச்சை கொடுக்க வழி உண்டு. தோட்டத்தில் பறித்த கோவா இலையை, கீரைத்தண்டை அப்படியே கையோடு கொண்டுபோய்க் கூட்டுக்குள் போடலாம். சமைக்க என்று உள்ளே எடுத்து, சிங்கில் கழுவி, மிஞ்சியதை வெளியே கொண்டு வந்தால் கூடாது. நாலு செடி கோவாவைக் கூட்டுக்குப் பக்கத்திலேயே நட்டுவிடுங்கள், இந்தக் குழப்பமே வராது.

மற்றபடி, முட்டையிடும் கோழிக்கென்று லேயர்ஸ் பெலட் என்ற தீனி விற்கிறார்கள். ஒரு கோழி ஒரு நாளைக்கு ஏறத்தாழ 120 கிராம் தின்னும், இருபது கிலோ மூட்டை நாலு கோழிக்கு ஆறு கிழமைக்குக் கிட்டப் போகும். முட்டைக்கு வேண்டிய புரதமும் கல்சியமும் அதில் இருக்கிறது, சோற்றில் இல்லை. மிச்சத்தை எலி தேடி வரும், எலி வந்தால் அயலவரும் வருவார். தீனியை மூடியுள்ள இரும்புத் தகர வாளியில் வையுங்கள், இரவில் தீனித் தட்டை உள்ளே எடுத்துவிடுங்கள்.

மாரியில் முட்டை குறையும், நோய் என்று பயப்படாதீர்கள். தொடர்ந்து முட்டையிட நாளுக்குப் பதினாலு மணி நேரமாவது வெளிச்சம் வேண்டும், டிசம்பரில் லண்டனில் எட்டு மணி நேரம்தான். இறகு உதிர்த்து ஓய்வெடுக்கும், மாசி பிறந்தபின் மெல்லத் தொடங்கும்.

கறிக்கு அடிக்கலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். ஊரில் போல மயக்காமல் கழுத்தறுப்பது வீட்டில் செய்யக்கூடாத காரியம். முட்டைக்காகவே வளருங்கள்.

எங்கே வாங்குவது என்றால், 2005இல் தொடங்கிய பிரிட்டிஷ் ஹென் வெல்ஃபெயார் ட்ரஸ்ட் என்ற தொண்டு நிறுவனத்தைப் பாருங்கள். பெரிய பண்ணைகளில் ஒன்றரை வயதளவில் இறைச்சிக்கு அனுப்பவிருக்கும் கோழிகளை எடுத்து வீடுகளுக்குக் கொடுக்கிறார்கள். சில இறகு கொட்டி வெளிறிப்போய் வரும். முதல் நாள் மண்ணைக் கண்டால் காலை வைப்பதா விடுவதா என்று தயங்கி நிற்கும், பிறகு ஒன்று கிளறத் தொடங்கினால் மற்றதும் கிளறும். அவற்றை எடுத்து வளர்ப்பது எனக்கு மிகவும் பிடித்த விடயம், உங்களுக்கும் அதையே சொல்வேன். தனியாக ஒன்றை மட்டும் எடுக்காதீர்கள், கூட்டமாக வாழ்கிற உயிர்.

வீட்டுக்காரரிடம் கதைத்து, கூடும் அடைப்பும் கட்டி முடித்த பிறகுதான் கோழியைக் கொண்டுவர வேண்டும். கூடு வாங்க முன் வளவின் நீள அகலத்தையும், வெயில் எந்தப் பக்கம் விழுகிறது, அயல் வீட்டுப் படுக்கையறை யன்னல் எங்கே இருக்கிறது என்பதையும் எழுதுங்கள், எந்த மூலை தோதென்று பார்த்துச் சொல்கிறேன்.