போரைப் படமாக்கும் கலைஞர்களால் ஊர்ச் சனத்துக்கு என்ன கிடைத்தது?

போரை வைத்துக் கலைஞர்கள் பெயர் எடுக்கிறார்கள், அதனால் ஊர்ச் சனத்துக்கு என்ன பயன் என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் இந்தப் படங்களைக் கொழும்பிலோ லண்டனிலோ ஒரு காட்சிக்கூடத்தில் பார்த்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். நான் யாழ்ப்பாணத்தில் வலிகாமம் வடக்கு. 1990 ஜூனில் போரால் நாங்கள் விட்டு வந்த வீடு இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போய்விட்டது.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் நுண்கலை கற்பிக்கும் தா. சனாதனன் 2011இல் 'தி இன்கம்ப்ளீட் தோம்பு' என்றொரு கலைநூல் செய்தார். ஒல்லாந்தர் காலத்துக் காணிப் பதிவேட்டின் பெயர்தான் தோம்பு. வடக்கிலிருந்து இடம்பெயர்ந்த தமிழரையும் முஸ்லிம்களையும், விட்டு வந்த வீட்டை நினைவிலிருந்து கீறச் சொன்னார். அப்படி 80 வீடுகள். அவர்கள் கீறிய படம், அதை வைத்து முறைப்படி வரைந்த கட்டட வரைபடம், அவர்கள் சொன்ன கதையிலிருந்து சனாதனன் வரைந்த ஓவியம் என்று ஒவ்வொரு வீட்டுக்கும் மூன்று.

நண்பர் வீட்டில் அந்த நூலைப் புரட்டிய அம்மா, வீட்டுக்கு வந்ததும் "எங்கட வீட்டை நானும் கீறுவன்" என்று என் மகளின் கொப்பியை வாங்கினார். குசினியில் தொடங்கினார். அதுவே தாளில் பாதி. விறாந்தைக்கு ஒரு கோடுதான். அப்பா வேறு தாளில் வேலியிலிருந்து தொடங்கினார்: கதியால், ஒழுங்கை, பங்குக் கிணறு. இரண்டும் ஒத்துப்போகவில்லை. கனடாவிலிருக்கும் அண்ணாவைக் கேட்டால், மாமரம் இருவரும் காட்டிய பக்கத்திலேயே இல்லை என்றார். அதுவரை அந்த வீட்டைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் வாய் திறந்ததில்லை. அன்றுதான் காணி உறுதியை எந்த றங்குப் பெட்டியில் வைத்துவிட்டு ஓடிவந்தோம் என்று அம்மா சொன்னார்.

பிறகு இராணுவம் எங்கள் பக்கத்துக் காணிகளை விடுவித்தபோது, அரசாங்கக் கந்தோரில் முதலில் கேட்டதும் அந்த உறுதியைத்தான். இல்லை என்றதும், "அப்ப அது உங்கட காணி எண்டு எப்பிடித் தெரியும்?" என்றார் அங்கிருந்தவர். அம்மா ஒன்றும் பேசவில்லை. பிறந்த மண்ணுக்கு அத்தாட்சி கேட்கிறவர்கள், அத்தாட்சியை எடுத்துவர நேரம் தந்தார்களா?

உடனே சிலர் சண்டைக்கு வருவார்கள். படம் வரைந்து காணி மீண்டது என்று நான் சொல்லவில்லை. வெயிலில் வீதியோரம் குந்தியிருந்து காணி கேட்ட தாய்மாரின் போராட்டத்தைக் குறைக்கவும் இல்லை. ஆனால் கந்தோர் கேட்காத கேள்வியை ஒரு கலைஞர் கேட்டார். அந்த வீட்டில் என்ன இருந்தது என்று கேட்டார்.

இதைச் சொல்லும்போது இன்னொரு கோபமும் வருகிறது. என் மகளின் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் சோதனை என்று சித்திரப் பாடவேளையைக் கணக்குக்கு எடுத்துக்கொள்கிறார்கள். கேட்டால், சித்திரம் சோறு போடுமா என்கிறார்கள். பிள்ளைகளிடமிருந்து இதையும் பறித்தால் எப்படி?

சரி, உங்கள் வீட்டிலும் 1990ஐக் கண்டவர்கள் இருந்தால் ஒரு தாளைக் கொடுத்துக் கீறச் சொல்லிப் பாருங்கள். அடிமட்டம் கொடுக்க வேண்டாம். கிணறு எந்தப் பக்கம் என்று மட்டும் கேளுங்கள்.