கடைக்கு மணி கோப்பவர்களின் கேள்விகள்

மணி நகைகளைக் கடை முதலாளியிடம் வேலைக்கு இருந்து செய்பவர்களும், வீட்டிலிருந்து செய்து கொடுப்பவர்களும் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றை இம்முறை எடுத்துக்கொண்டிருக்கிறேன். தனக்கென்று ஒரு மாலை கோப்பவர் அளவு சற்றுத் தப்பினாலும் சமாளித்துக்கொள்வார். கடைக்குக் கோப்பவரோ, யார் அணியப்போகிறார் என்று தெரியாமலே, இருபதாவது உருப்படியும் முதல் உருப்படியைப் போலவே அமையும்படி கோக்க வேண்டியிருக்கிறது. வந்த கேள்விகளில் பாதிக்குமேல் இந்தச் சிக்கலிலிருந்து பிறந்தவையே.

கேள்வி: எல்லாக் கைச்சரங்களையும் 18 செ.மீ. நீளத்தில்தான் கோக்கிறேன். சிறுமணிச் சரங்கள் விற்றுவிடுகின்றன. பெருமணிச் சரங்கள் மட்டும் "இறுக்கமாக இருக்கிறது" என்று திரும்பி வருகின்றன. நான் அளப்பதில் பிழையா?

நீங்கள் அளப்பது சரி. ஆனால் மேசையில் நீட்டி வைத்து அளக்கும் நீளமும் கையைச் சுற்றி வளைந்தபின் உள்ளே கிடைக்கும் சுற்றளவும் ஒன்றல்ல. நூல் மணியின் நடுவே ஓடுகிறது, மணிக்கட்டோ மணியின் உள்விளிம்பைத் தொடுகிறது. ஆகவே மணியின் விட்டத்தை 3.14 ஆல் பெருக்கினால் வரும் அளவு ஒவ்வொரு சரத்திலும் உள்சுற்றிலிருந்து குறைந்துபோகிறது. 4 மி.மீ. மணியென்றால் இழப்பு ஏறத்தாழ 1.3 செ.மீ., 10 மி.மீ. மணியென்றால் 3.1 செ.மீ. உங்களுடைய 18 செ.மீ. சரம் சிறுமணியில் 16.7 செ.மீ. இடம் தரும், பெருமணியில் 14.9 செ.மீ.தான் தரும். 16 செ.மீ. மணிக்கட்டுள்ள ஒருவருக்கு இரண்டாவது எப்படிச் சேரும்?

கணக்கைத் திருப்பிப் போட்டுக்கொள்ளுங்கள். மணிக்கட்டின் அளவோடு தளர்வுக்கு ஒன்றரை செ.மீ. கூட்டி, அதன்மேல் மணி விட்டத்தின் 3.14 மடங்கைக் கூட்டுங்கள். 16 செ.மீ. மணிக்கட்டுக்கு 4 மி.மீ. மணியில் 18.8 செ.மீ. சரமும், 10 மி.மீ. மணியில் 20.6 செ.மீ. சரமும் வேண்டும். கொக்கி இருக்கும் பகுதி தட்டையாக இருப்பதால் சில மில்லிமீட்டர் முன்பின் ஆகலாம். ஒவ்வொரு மணி அளவுக்கும் உரிய சர நீளத்தை ஓர் அட்டையில் எழுதி வேலை மேசையில் ஒட்டிவிட்டு, அதன் படி ஒன்றை முதலாளியிடமும் கொடுங்கள். அவர் மனத்தில் "18" என்ற ஒரே எண் இருக்கும்வரை பழி உங்கள்மேல்தான் விழும்.

கேள்வி: பூச்சுக் கம்பியில் கோத்த மாலைகள் சில வாரங்களில் கொக்கிக்கு அருகே அறுகின்றன. அறுந்தவற்றின் விலையை என் கூலியில் பிடிக்கிறார்கள்.

நைலான் பூச்சுக் கம்பி என்பது மெல்லிய எஃகு இழைகளை முறுக்கி மேலே நைலான் உறையிட்டது. 7 இழைக் கம்பி விறைப்பானது, 19 இழை நடுத்தரம், 49 இழை ஏறத்தாழ நூலைப்போல் வளையக்கூடியது. தினமும் அணிந்து கழற்றும் மாலைக்கு 7 இழைக் கம்பியைக் கொடுத்தால், ஒரே இடத்தில் மடிந்து மடிந்து உள்ளிழைகள் ஒவ்வொன்றாக முறியும். வெளியுறை கடைசிவரை முழுசாகத் தெரிவதால் யாரும் கவனிப்பதில்லை.

பொருள் சரியாக இருந்தும் அறுந்தால், கம்பியின் முனையை மடக்கிக் கொக்கியோடு பிடித்து நிறுத்தும் சிறு உலோகக் குழலான கிரிம்ப் குழலைப் பாருங்கள். சாதாரணத் தட்டைக் குறட்டால் அதை நசுக்கினால் கூரிய விளிம்பு உண்டாகிக் கம்பியைத் தின்னும். கிரிம்ப் குறட்டில் இரண்டு பள்ளங்கள் இருக்கும். முதலில் பிறை வடிவப் பள்ளத்தில் வைத்து அழுத்தி, குழலின் நடுவே குழி விழுந்து இரு கம்பிகளும் இரு பக்கமாகப் பிரியச் செய்ய வேண்டும். பிறகு குழலைத் திருப்பி வட்டப் பள்ளத்தில் வைத்து மடிக்க வேண்டும். கம்பிகள் குழலுக்குள் ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருந்தால் எவ்வளவு அழுத்தினாலும் பிடிப்பு நிற்காது. அப்படி ஆனதை வெட்டியெறிந்துவிட்டுப் புதுக் குழல் போடுவதே மேல். மிச்ச வாலை இரண்டு மூன்று மணிகளுக்குள் செலுத்தி மறையுங்கள். துளையின் வாய் கூரான கல்மணியாக இருந்தால், அதற்கும் குழலுக்கும் இடையே ஒரு சிறு கண்ணாடி மணியை இடுங்கள்.

மூன்றாவது காரணம் இறுக்கம். மணிகளுக்கிடையே நூலிழைகூடத் தெரியக் கூடாது என்று விறைக்க இழுத்துக் கோத்தால், மாலை வளையும்போது ஏற்படும் இழுவை முழுவதும் கொக்கியோரத்தில் போய் நிற்கும். மாலை முழுவதற்கும் சேர்த்து இரண்டு மூன்று மில்லிமீட்டர் தளர்வு விட்டால் அது கழுத்தில் அழகாகவும் விழும், அறவும் செய்யாது.

கூலிப் பிடித்தத்தைப் பற்றி: கம்பியைத் தேர்ந்தெடுத்து வாங்கிக் கொடுப்பவர் முதலாளி என்றால், கம்பியால் வந்த நட்டத்தை உங்கள் தலையில் கட்டுவது நியாயமன்று. கைப்பிழையையும் பொருட்பிழையையும் பிரித்தறிய வழியுண்டு. அறுந்து வந்த ஒவ்வொன்றையும் உங்களிடமே திருப்பிக் காட்டச் சொல்லுங்கள். குழலுக்குள்ளிருந்து கம்பி உருவிக்கொண்டு வந்திருந்தால் அது கையின் பிழை. குழலை ஒட்டியே வெட்டுப்பட்டிருந்தாலும் பெரும்பாலும் கையின் பிழையே. குழலுக்கு அப்பால் இழை இழையாகப் பிரிந்து முறிந்திருந்தால், கம்பி அந்த வேலைக்கு ஏற்றதன்று என்று பொருள். பிடித்தம் எந்த வகைக்கு உண்டு, எதற்கு இல்லை என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: சாயம் போகும் மணிகளை முன்கூட்டியே எப்படிக் கண்டுபிடிப்பது?

உருகும்போதே கண்ணாடிக்குள் நிறம் சேர்க்கப்பட்ட மணிகள் மங்குவதில்லை. தொல்லை தருபவை மேற்சாயமிட்டவை, துளைக்குள் வண்ணமோ வெள்ளிப் பூச்சோ ஏற்றியவை, உலோகப் பளபளப்புப் பூசியவை ஆகிய மூன்று வகைகளே. புதுச் சரக்கு வந்ததும் பத்துப் பன்னிரண்டு மணிகளை எடுத்துச் சிலவற்றை நகப்பூச்சு நீக்கியில் சில நிமிடங்களும், சிலவற்றைச் சோப்புக் கலந்த வெதுவெதுப்பான நீரில் ஓர் இரவும் போட்டு, பின்பு வெள்ளைத் துணியில் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். மீதியை வெயில் விழும் ஜன்னலில், பாதியைக் காகிதத்தால் மூடி, இரண்டு மூன்று வாரம் விட்டுவைத்தால் மங்குவது தெரிந்துவிடும். தேறாத மணிகளை முழுவதும் ஒதுக்க வேண்டியதில்லை. வியர்வை படும் கைச்சரத்தைத் தவிர்த்துத் தொங்கும் காதணிக்குப் பயன்படுத்தலாம். ஆனால் அதை முதலாளிக்குச் சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

கேள்வி: 11 எண் மணிகள் தீர்ந்துவிட்டால் வேறு நிறுவனத்தின் 11 எண் மணிகளைக் கலந்து பின்னலாமா?

கோத்த சரத்தில் கலக்கலாம், பின்னலில் கலக்காதீர்கள். எண் கூடக்கூட மணி சிறுக்கும் என்ற பொது முறை எங்கும் ஒன்றே: 8 எண் சுமார் 3 மி.மீ., 11 எண் சுமார் 2 மி.மீ., 15 எண் சுமார் 1.5 மி.மீ. ஆனால் ஒரே எண்ணுக்குள்ளும் ஜப்பானிய மணிகளும் செக் மணிகளும் அளவிலும் வடிவிலும் வேறுபடும். உருளை வடிவ மணிகளோ அதே 11 எண்ணிலும் இன்னும் ஒடுங்கியவை. பத்து வரிசைக்குள் பின்னல் ஒரு பக்கமாகக் கோணிக்கொள்ளும். ஆர்டர் முழுவதற்கும் வேண்டியதை ஒரே தொகுதியிலிருந்து, பத்தில் ஒரு பங்கு கூடுதலாக வாங்கச் சொல்லுங்கள். உறையில் உள்ள தொகுதி எண்ணையும் குறித்து வையுங்கள்.

கேள்வி: 45 செ.மீ. முத்துமாலைக்கு முதலாளி 6 மி.மீ. முத்துகள் 75 எண்ணிக் கொடுத்தார். ஒவ்வொரு முத்துக்கும் இடையே முடிச்சிட்டுக் கோத்தேன். பத்துக்கு மேல் மிஞ்சிவிட்டன. அவர் என்னைச் சந்தேகத்தோடு பார்க்கிறார்.

முடிச்சில்லாமல் கோத்தால்தான் 75 வரும். பட்டு நூல் முடிச்சு ஒவ்வொன்றும் சுமார் ஒரு மில்லிமீட்டர் இடம் எடுக்கும் என்று வைத்துக்கொண்டால், ஒரு முத்தும் ஒரு முடிச்சும் சேர்ந்து 7 மி.மீ. ஆகின்றன, 450 ஐ 7 ஆல் வகுத்தால் 64. கொக்கியின் நீளத்தைக் கழித்தால் இன்னும் ஒன்றிரண்டு குறையும். இந்தக் கணக்கை அவர் எதிரிலேயே போட்டுக் காட்டி, மிஞ்சியவற்றை எண்ணி ஒப்படையுங்கள். முடிச்சை விட்டுவிடலாமா என்று அவர் கேட்டால் வேண்டாமென்று சொல்லுங்கள். முத்து மென்மையானது, ஒன்றோடொன்று உரசினால் துளையோரம் தேயும். நூல் அறுந்தால், முடிச்சிட்ட மாலையில் ஒரு முத்து விழும், முடிச்சில்லாததில் எல்லாம் சிதறும்.

கேள்வி: நாங்கள் செய்யும் காதணியால் காது அரிக்கிறது என்று ஒருவர் புகார் சொன்னாராம்.

பெரும்பாலும் நிக்கல்தான் காரணம். முலாம் பூசிய பித்தளைக் கொக்கியில் முலாமுக்கு அடியில் நிக்கல் படலம் இருப்பது வழக்கம். மேல்முலாம் தேய்ந்ததும் அது தோலைத் தொடுகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி, நீண்ட நேரம் தோலில் படும் நகைகளிலிருந்து வாரத்துக்கு ஒரு சதுர செ.மீ. அளவில் 0.5 மைக்ரோகிராம் வரை நிக்கல் கசிவதை அனுமதிக்கிறது. துளையிட்ட காதுக்குள் நுழையும் பாகத்துக்கு 0.2 மைக்ரோகிராமோடு நிறுத்துகிறது. காதுத் துளைக்கு எவ்வளவு கண்டிப்பு வேண்டும் என்பதற்கு அதுவே அளவுகோல். மணியும் வேலைப்பாடும் எதுவாக இருந்தாலும், காதுக்குள் போகும் கொக்கியை மட்டும் டைட்டானியத்திலோ நியோபியத்திலோ கேளுங்கள்.

கேள்வி: எலாஸ்டிக் சரங்களின் முடிச்சு அவிழ்கிறது.

கோப்பதற்கு முன் எலாஸ்டிக்கை நன்றாக இழுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் பிறகு தளர்ந்து இடைவெளி காட்டும். சாதாரண முடிச்சுக்குப் பதிலாக இழையை இரண்டு மூன்று முறை சுற்றிப் போடும் அறுவைமுடிச்சிட்டு, ஒரு துளி நகைப்பசை வைத்து, காய்ந்தபின் முடிச்சைப் பெருந்துளை மணிக்குள் இழுத்து மறையுங்கள். உடனடியாக ஒட்டும் பசை வேண்டாம். அது காய்ந்ததும் இழையை மொரமொரப்பாக்கி முறிக்கும்.

கேள்வி: சாயமிட்ட ஹவ்லைட் மணியில் நான் கோத்த மாலைக்கு "டர்க்காய்ஸ்" என்று அட்டை எழுதச் சொல்கிறார் முதலாளி.

எழுதாதீர்கள். டர்க்காய்ஸ் என்பது செம்பும் அலுமினியமும் கலந்த பாஸ்பேட் கனிமம். ஹவ்லைட் என்பது கருமையான நரம்போடிய வெண்கல்; சாயத்தை எளிதில் உறிஞ்சுவதால் டர்க்காய்ஸின் வேடம் போடுகிறது. "டர்க்காய்ஸ் நிற ஹவ்லைட்" என்று எழுதலாம், அதில் பொய்யில்லை. வாங்குபவருக்கும் அது உறுத்தாது. முதலாளி மறுத்தால், அட்டையை அவர் கையாலேயே எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். இதைச் சொல்வது சங்கடம்தான் என்பதை நான் அறிவேன். ஆனால் ஒரு வாடிக்கையாளர் கல்லைச் சோதித்துவிட்டு வந்து நிற்கும் நாளில் "கோத்தவர் எழுதியது" என்று உங்களைக் காட்டுவது கடைக்கு மிக எளிது.

கேள்வி: மாதச் சம்பளத்திலிருந்து உருப்படிக் கூலிக்கு மாற்றுகிறார்கள். ஒரு மாலைக்கு எவ்வளவு நேரம் என்று சொல்வது?

"கோக்க 25 நிமிடம்" என்று சொல்லிவிட்டுப் பிறகு வருந்துபவர்கள் பலர். மணி பொறுக்குவது, கோணல் மணிகளைக் கழிப்பது, எண்ணி வாங்குவது, கொக்கி பூட்டுவது, இழுத்துச் சோதிப்பது, அட்டையில் மாட்டுவது, பிழையானதைப் பிரித்துத் திரும்பக் கோப்பது ஆகிய எல்லாம் அந்த மாலையின் நேரமே. ஒரே வடிவத்தில் பத்து மாலைகளைத் தொடர்ந்து செய்து, கை பழகாத முதல் இரண்டை விட்டுவிட்டு, மற்ற எட்டின் மொத்த நேரத்தை, இடையில் எழுந்து கழுத்தையும் கண்ணையும் ஆற்றிக்கொண்ட நேரத்தையும் சேர்த்து, எட்டால் வகுங்கள். 25 நிமிடம் என்று நினைத்தது 40 ஆக நின்றால், ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ இரண்டரை மாலை தருவதற்குப் பதிலாக ஒன்றரைதான் தர முடியும். முந்தைய சம்பளத்தின் ஒரு மணி நேரக் கூலியை ஒன்றரையால் வகுத்து வருவதே, உங்களுக்கு நட்டமில்லாத உருப்படிக் கூலி. புது வடிவத்துக்கு மாதிரி செய்யும் நேரத்தைத் தனியாகக் கேளுங்கள். அது எந்த மாலையின் கணக்கிலும் அடங்காது.

வீட்டிலிருந்து செய்யச் சொன்னால் இன்னொன்றும் உண்டு. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1996 இல் ஏற்ற 177 ஆம் உடன்படிக்கை, வீட்டிலிருந்து வேலை செய்பவரைக் கூலி உட்படப் பலவற்றில் மற்றத் தொழிலாளருக்குச் சமமாக நடத்த வேண்டும் என்கிறது. ஏற்புறுதி அளித்த நாடுகளையே அது கட்டுப்படுத்தும். ஆயினும் பேச்சுவார்த்தையில் எடுத்துச் சொல்லத் தக்க அளவுகோல் அது. வீட்டு விளக்கு, மேசை, குறடு, ஊசி ஆகியவற்றின் செலவு யாருடையது என்பதையும் அதே பேச்சில் தீர்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: வேலையை விட்டு என் பெயரில் விற்கப் போகிறேன். கடையில் நான் உருவாக்கிய வடிவங்களைச் செய்யலாமா?

சம்பளத்துக்கு இருந்தபோது வேலையின் பகுதியாக உருவாக்கிய வடிவம், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், பல நாடுகளின் பதிப்புரிமைச் சட்டத்தில் முதலாளிக்கே உரியது. சம்பள ஆளாக இல்லாமல் தனி ஒப்பந்தத்தில் செய்து கொடுத்தவருக்கு, எழுதிக் கொடுக்காதவரை, பெரும்பாலும் உரிமை தன்னிடமே இருக்கும். நீங்கள் இரண்டில் எந்த வகை என்பதை உங்கள் நாட்டுச் சட்டம் அறிந்த ஒருவரிடம் ஒப்பந்தத்தைக் காட்டிக் கேளுங்கள். பின்னும் முறை மட்டும் யாருடைய சொத்துமன்று. பெயோட்டி, பிரிக் ஸ்டிட்ச் போன்ற பின்னல்களை எங்கும் பயன்படுத்தலாம். உங்கள் சொந்த நேரத்தில், சொந்த மணியில் செய்த வடிவங்களைத் தேதியோடு படமெடுத்து வைத்திருந்தால் பிற்பாடு வழக்கு எழாது. விலகும் நாளில் உங்களிடம் இருக்கும் கடையின் மணிகளையும் கொக்கிகளையும் வகைவாரியாக எடை போட்டு, இரண்டு படி எழுதி, ஒன்றில் முதலாளியின் கையெழுத்தை வாங்கிக்கொண்டு ஒப்படையுங்கள்.