படித்தார்கள், புரிந்ததா?

கேள்வி: ஏழாம் வகுப்புக்கு ஒரு கௌபாய் கதை கொடுத்துத் தேர்வு வைத்தேன். எல்லாரும் நல்ல மதிப்பெண். கதையைச் சொல்லச் சொன்னால் விழிக்கிறார்கள். கேள்விகளை எப்படி அமைப்பது?
– ஓர் ஆசிரியை, வியாசர்பாடி

பதில்: கேள்வியில் உள்ள சொல்லைப் பத்தியில் தேடி, அந்த வரியை அப்படியே எழுதிவிடுகிறார்கள். 'குதிரையின் நிறம் என்ன?' மாதிரிக் கேள்வி இரண்டு போதும். மற்றவை காரணம் கேட்கட்டும். 'மந்தையின் கடைசியில் வந்தவன் கழுத்துத் துணியை மூக்குவரை ஏற்றிக் கட்டினான்' என்று வந்தால், ஏன் என்று கேளுங்கள். மாடுகள் கிளப்பிய புழுதி முந்தைய வரிகளில் இருக்க வேண்டும்; காரணத்தைப் பத்தியே சொல்லிவிடக் கூடாது. புரிந்து படித்த பிள்ளை 'புழுதி' என்று எழுதும். சினிமா ஞாபகத்தில் எழுதும் பிள்ளை 'கொள்ளையடிக்க முகத்தை மறைத்தான்' என்று எழுதும். கொள்குறி வினாவானால், தவறான விடைகளில் ஒன்றாக இதையே வையுங்கள்.

பின்னணி தெரியாமல் தவறுவது வாசிப்புக் குறை ஆகாது. தேர்வுக்கு முன் ஐந்து நிமிடம் பேசிவிடுங்கள்: கௌபாய் என்பவர் மாடு மேய்த்து ஓட்டும் கூலியாள். 1867 முதல் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்து மாடுகளை கான்சாஸ் மாநிலத்தின் அபிலீன் ரயிலடிக்கு ஓட்டிப் போனார்கள், நாளுக்குச் சுமார் 16 முதல் 24 கிலோமீட்டர். ராயபுரத்திலிருந்து எண்ணூரையும் தாண்டி ஒரு நாள் நடை என்றால் நம் பிள்ளைகளுக்குச் சட்டென்று பிடிபடும்.

தாளை அச்சடிக்குமுன், பத்தியைக் காட்டாமல் கேள்விகளை மட்டும் பக்கத்து வகுப்பில் நாலு பேரிடம் கொடுங்கள். அவர்களே சரியாகச் சொல்லிவிடும் கேள்வியை எடுத்துவிடுங்கள். காரணக் கேள்விக்கு 2 மதிப்பெண்: விடைக்கு 1, ஆதாரமான வரியை அடிக்கோடிட்டால் 1. எழுத்துப்பிழைக்கு இதில் குறைக்காதீர்கள்.