காருக்குள் பெட்ரோல் வாடை எனக்கு மட்டும் தெரிகிறது, மெக்கானிக் ஒன்றுமில்லை என்கிறார். இது என் பிரமையா?

பிரமை இல்லை. வீட்டுக்காரருக்குத் தெரியவில்லை, ஒர்க்‌ஷாப்பில் காட்டியும் ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்கள் என எழுதியிருக்கிறீர்கள். மூக்கு எந்த வாடைக்கும் சில நிமிடங்களில் பழகிவிடும். நாள் முழுக்க பெட்ரோலில் பார்ட்ஸ் கழுவுகிறவர் உங்கள் காருக்குள் தலையை நீட்டி "ஒன்னும் தெரியலையேம்மா" என்று சொல்வதை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது.

இந்தப் பேச்சை எல்லாம் நானும் கேட்டவள். எங்களுடையது பத்து வயதைத் தாண்டிய பெட்ரோல் வண்டி. சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு அடிக்கடி போவோம், நாத்தனார் அங்கே இருக்கிறார். ஒரு கட்டத்தில் மலை ஏறும்போதெல்லாம் பின் சீட்டில் இருக்கும் பையன் தலை வலிக்கிறது, குமட்டுகிறது என்று சொல்ல ஆரம்பித்தான். 20 கொண்டை ஊசி வளைவு இருக்கிற பாதை, யாருக்குத்தான் குமட்டாது என்றார்கள். எனக்கு லேசாக பெட்ரோல் வாடையும் அடித்தது. சொன்னேன். "ஏசியில் தூசி இருக்கும்" என்று ஏசியைச் சுத்தம் செய்து, ஒரு வாசனை டப்பாவையும் மாட்டி, பில் கொடுத்து அனுப்பினார்கள். வாசனை டப்பாவை மட்டும் யார் தந்தாலும் மாட்டாதீர்கள். கசிவு அப்படியே இருக்கும், உங்கள் மூக்குக்குத் தெரியாமல் போகும், அவ்வளவுதான்.

அதன் பிறகு நானே கவனிக்க ஆரம்பித்தேன். வாடை எப்போது வருகிறது என்பதுதான் முக்கியம். எங்கள் வண்டியில் டேங்க் நிரப்பிய அன்றும் மறுநாளும் வரும், பாதிக்குக் கீழே இறங்கினால் வாடையே இருக்காது. சமதளத்தில் குறைவு, மேட்டில் அதிகம். முன் சீட்டைவிடப் பின் சீட்டில் அதிகம். இதை ஒரு தாளில் எழுதி, வேறொரு வயதான மெக்கானிக்கிடம் போனேன். டேங்கை நிரப்பிவிட்டுத்தான் போனேன். முதல் இடத்தில் பாதி டேங்கோடு பானெட்டை மட்டும் திறந்து பார்த்திருந்தார்கள், அப்படிப் பார்த்தால் எப்படித் தெரியும்?

அவர் தாளைப் படித்துவிட்டு நேராகப் பின் சீட்டைத் தூக்கினார். நிறைய பெட்ரோல் கார்களில் டேங்க் அதற்கு அடியில்தான். சீட்டுக்குக் கீழே ஒரு தகட்டு மூடி, அதற்குக் கீழே பெட்ரோல் பம்ப். பம்பின் தலையைச் சுற்றியிருந்த தூசி ஒரு பக்கம் மட்டும் ஈரமாகக் கருத்திருந்தது. டேங்க் நிரம்பி, வண்டி மேடு ஏறினால் பெட்ரோல் பின்பக்கம் சாய்ந்து அந்த இடத்தைத் தொட்டுக் கசிகிறது. முன்பு ஒரு தடவை பம்ப் மாற்றியபோது கசியாமல் அடைக்கும் பழைய ரப்பர் வளையத்தையே (கேஸ்கெட்) திரும்பப் போட்டு இறுக்கியிருக்கிறார்கள். பெட்ரோலில் ஊறி உப்பிய ரப்பர் மறுபடி சரியாக உட்காராது. கேஸ்கெட்டின் விலை சில நூறு ரூபாய்தான். அதை மிச்சம் பிடித்ததற்கு, பென்சீன் கலந்த ஆவியை என் பிள்ளை மூச்சில் இழுத்திருக்கிறான். பென்சீன் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று உறுதி செய்யப்பட்ட பொருள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ஆர்சி என் பெயரில், ஓட்டுவது நான், பணம் கட்டுவது நான். ஆனாலும் ஒர்க்‌ஷாப்பிலிருந்து போன் வந்தால் "சார் இருக்காரா?" இன்சூரன்ஸ்காரரும் அப்படித்தான், டயர் கடையிலும் அப்படித்தான். கோளாறை ஒரு பெண் சொன்னால் ஒரு ஆண் வந்து அதையே சொல்லும்வரை அது கோளாறு ஆகாது. உங்கள் கேள்வியைப் பார்த்ததும் பதில் எழுத உட்கார்ந்ததற்கு இதுதான் காரணம்.

நான் மெக்கானிக் இல்லை, கணக்கு டீச்சர். எல்லா வண்டிக்கும் இதே கோளாறு என்றும் சொல்லவில்லை. காலையில் ஸ்டார்ட் செய்ததும் முன்பக்கம் வாடை வந்தால் எஞ்சினுக்குள் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரின் ரப்பர் வளையத்தையோ (ஓ-ரிங்) எஞ்சினுக்குப் போகும் பெட்ரோல் ஹோஸையோ பார்க்கச் சொல்லுங்கள். ஹோஸை எலி கடித்திருக்கலாம், நம் ஊரில் இது சகஜம். ஏசியில் வெளிக்காற்றைத் திறந்தால் வாடை வந்து, மூடினால் குறைகிறது என்றால் கசிவு அனேகமாக பானெட்டுக்குள்தான். பங்கில் ஆட்டோ கட் ஆன பிறகும் "ரவுண்டு பண்ணிடவா" என்று ஊற்றவிட்டால், ஆவியைப் பிடித்து வைக்கும் கரி டப்பாவுக்குள் பெட்ரோலே போய்விடும். அதனாலும் வாடை வரும். எல்லாம் 20 சதவீதம் எத்தனால் கலந்த ஈ20 பெட்ரோலால்தான் என்று யாராவது கீழே எழுதுவார்கள். அதற்கென்று செய்யாத பழைய ரப்பரை எத்தனால் பாதிக்கும், உண்மைதான். ஆனால் சீட்டைத் தூக்கிப் பார்க்காமலே அதன் மேல் பழி போட்டால் கசிவு நிற்காது. சிஎன்ஜி வண்டியில் வருவது கேஸ் வாடை என்றால் இது எதுவும் பொருந்தாது, சிலிண்டர் வால்வை மூடிவிட்டு அதற்கான ஆளிடமே போங்கள்.

வண்டிக்குக் கீழே சொட்டு தெரிந்தால் ஸ்டார்ட் செய்யவே வேண்டாம். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தேங்கும், ஒரு சின்னப் பொறி போதும். கதவுகளைத் திறந்துவிட்டு, ஆளை அங்கேயே வரவழையுங்கள். நீங்களாகப் பம்பையோ ஹோஸையோ கழற்றாதீர்கள், உள்ளே அழுத்தம் இருக்கும், பீய்ச்சி அடிக்கும்.

சொட்டு எதுவும் இல்லையென்றால் டேங்கை நிரப்பி, கண்ணாடிகளை ஏற்றி, காற்றோட்டமான திறந்த இடத்தில் ராத்திரி நிறுத்துங்கள். காலையில் முதலில் பின் கதவைத் திறந்து மோந்து பாருங்கள். பழுது பார்த்த பிறகும் இதையே செய்யுங்கள், எங்களுக்கு அப்படித்தான் உறுதியானது. வண்டி எந்த வருட மாடல், பம்ப் எப்போதாவது மாற்றினீர்களா என்று எழுதினால் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.