காவல் நிலையத்தில் முதல் 24 மணி நேரம்: கேள்வி பதில்

(குற்றவியல் நீதிமன்றங்களில் வாதாடிவரும் வழக்கறிஞர் ஒருவர், காவல்துறையின் அத்துமீறல் குறித்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு அளித்த பதில்கள்.)

திருநெல்வேலி வாசகர்: "ஸ்டேஷன் வரை வந்துவிட்டுப் போங்கள்" என்று தொலைபேசியில் அழைத்தால் போகத்தான் வேண்டுமா?

வாய்மொழி அழைப்பு உங்களைச் சட்டப்படி கட்டுப்படுத்தாது. சாட்சியாக அழைப்பதானால் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் (பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா) 179ஆம் பிரிவின்படி எழுத்துமூலம் அழைக்க வேண்டும். பெண்களையும், 15 வயதுக்குக் குறைந்தவர்களையும், 60 வயதைக் கடந்தவர்களையும் அவர்கள் வசிக்கும் இடத்தில்தான் விசாரிக்க வேண்டும். ஆனாலும் போகவே போகாதீர்கள் என்று நான் சொல்லமாட்டேன். சிற்றூரில் அந்தத் துணிச்சலுக்கு என்ன விலை என்பதை அங்கே வாழ்பவர்களே அறிவார்கள். தனியாகப் போகாதீர்கள், உள்ளே நுழையும் நேரத்தை வீட்டில் ஒருவருக்குக் குறுஞ்செய்தியாக அனுப்பிவிடுங்கள். இரவில் கூட்டிக்கொண்டு போனவரை மறுநாள் மாலை பேருந்து நிலையம் அருகே சந்தேகத்துக்கிடமாக நின்றபோது பிடித்ததாக எழுதிவிட்டால், நடுவில் கழிந்த மணி நேரங்களுக்கு யாரும் கணக்குக் கேட்க முடியாமல் போய்விடும். அப்போது உங்கள் குறுஞ்செய்திதான் சாட்சி.

மதுரை வாசகர்: கைதானவரை நீதித்துறை நடுவர் (மாஜிஸ்திரேட்) முன் நிறுத்துகிறார்கள் அல்லவா, அதன் பிறகும் அடிபட்டது எப்படித் தெரியாமல் போகிறது?

நிறுத்துகிறார்கள், ஆனால் பல வேளைகளில் அது காகிதத்தில் நிறுத்துவதாகவே முடிகிறது. 2020 ஜூன் 19 அன்று தூத்துக்குடி மாவட்டம் சாத்தான்குளத்தில், கொரோனா ஊரடங்கு நேரத்துக்குப் பின்னும் கடையைத் திறந்து வைத்திருந்ததாகக் கூறி ஜெயராஜ் காவல் நிலையத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டார், அவரைத் தேடிச் சென்ற மகன் பென்னிக்ஸும் அங்கே பிடித்துவைக்கப்பட்டார். இரவெல்லாம் தாக்கப்பட்டு, உடுத்தியிருந்த துணி இரத்தத்தில் ஊறியதால் மாற்றுத் துணி கொண்டுவரப்பட்ட நிலையிலும், மருத்துவச் சான்றும் கிடைத்தது, ரிமாண்ட் (சிறைக்காவலில் வைக்கும்) உத்தரவும் கிடைத்தது. 22ஆம் தேதி இரவு மகனும், 23ஆம் தேதி காலை தந்தையும் இறந்தனர். தாக்கியவர்களைப் பற்றி எல்லோரும் பேசினோம். அந்தக் காயங்களைக் கண்டுகொள்ளாமல் அந்தத் தாள்களில் இடப்பட்ட கையெழுத்துகளைப் பற்றிப் போதிய அளவு பேசவில்லை என்பதே என் வருத்தம்.

எனவே நடுவர் கேட்காவிட்டாலும் "ஐயா, என்னை அடித்தார்கள்" என்று வாய் திறந்து சொல்லுங்கள், காயத்தைக் காட்டுங்கள், அதை உத்தரவிலேயே பதிவு செய்யுமாறு வேண்டுங்கள். கூட வந்த காவலர் பக்கத்தில் நிற்கும்போது இது எளிதன்று. அதனால்தான் முதல் ரிமாண்டின்போதே வழக்கறிஞர் இருப்பது அவசியமாகிறது.

சென்னை வாசகர்: எல்லாக் காவல் நிலையங்களிலும் கேமரா இருக்கிறதே, அது போதாதா?

கேமரா இருப்பது வேறு, பதிவு இருப்பது வேறு. சாத்தான்குளத்தில் விசாரிக்கச் சென்ற நீதித்துறை நடுவர், ஒரு டெராபைட் கொள்ளளவுள்ள வன்தட்டில் அன்றாடப் பதிவுகள் தாமாகவே அழிந்துபோகும்படி அமைக்கப்பட்டிருந்ததைக் கண்டறிந்தார். இடமில்லாமல் அழியவில்லை, அழியும்படி வைத்திருந்தார்கள். காவலர்களிடம் அவருக்கு அங்கே கிடைத்த அவமதிப்பான வரவேற்பைக் கேள்விப்பட்ட உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, காவல் நிலையத்தையே வருவாய்த்துறையின் கட்டுப்பாட்டில் ஒப்படைக்க உத்தரவிட வேண்டியதாயிற்று. கடைசியில் உண்மையை வெளியே கொண்டுவரத் துணைநின்றது, அன்றிரவு பணியிலிருந்த ஒரு பெண் தலைமைக் காவலரின் வாக்குமூலம்.

அதே ஆண்டு டிசம்பரில், காவல் நிலையக் கேமராக்கள் பற்றிய பரம்வீர் சிங் சைனி வழக்கில் உச்ச நீதிமன்றம், பதிவுகளை 18 மாதங்கள் வைத்திருக்க வேண்டும், அதற்கு வழியில்லையென்றால் ஓராண்டுக்காவது காக்க வேண்டும் என்று கூறியது. அடிபட்டவர் தரப்பு அந்தப் பதிவைப் பாதுகாக்கும்படி முதல் நாளே எழுதிக் கேட்பது நல்லது.

கோயம்புத்தூர் வாசகர்: ரவுடிகளுக்கு மாவுக்கட்டுப் போட்டால் ஊர் அமைதியாகத்தானே இருக்கிறது?

கைதானவர்கள் மட்டும் கழிவறையில் வழுக்கி விழுந்து கையை உடைத்துக்கொள்ளும் படங்களைப் பார்த்து நாமும் சிரித்திருக்கிறோம். யார் ரவுடி என்பதை அந்த நேரத்தில் முடிவு செய்பவர் நீதிபதி அல்லர், லத்தி வைத்திருப்பவர். சாத்தான்குளத்தில் அந்த முடிவுக்கு உள்ளானவர்கள் ஒரு கடைக்காரரும் அவர் மகனும்.

சேலம் வாசகர்: புகாரை எங்கே கொடுப்பது?

மாநில மனித உரிமை ஆணையத்தில் சம்பவம் நடந்து ஓராண்டுக்குள் கொடுக்கலாம். ஆணையத்தின் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தும் என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு 2021இல் தீர்ப்பளித்திருக்கிறது. காவல்துறைமீதான புகார்களுக்கென்றே தனி அமைப்பும் உண்டு. காவல்துறைச் சீர்திருத்தம் குறித்த பிரகாஷ் சிங் வழக்கில் 2006இல் உச்ச நீதிமன்றம் கேட்டது, ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையிலான சுதந்திரமான புகார் ஆணையம். தமிழ்நாட்டின் 2013ஆம் ஆண்டுச் சட்டம் தந்ததோ உள்துறைச் செயலாளர் தலைமையில், காவல்துறைத் தலைமை அதிகாரிகளையே உறுப்பினர்களாகக் கொண்ட அமைப்பு. யார்மீது புகாரோ அந்தத் துறையே மேசைக்கு மறுபுறமும் அமர்ந்திருக்கிறது.

தூத்துக்குடி வாசகர்: காவலில் ஒருவர் இறந்துவிட்டால் குடும்பம் முதலில் செய்ய வேண்டியது என்ன?

"ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) விசாரணை நடக்கிறது" என்று சொன்னால் அதோடு திருப்தி அடையாதீர்கள். காவல் மரணம் என்றால் நீதித்துறை நடுவரின் விசாரணை கட்டாயம். முன்பு பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 176(1அ) பிரிவில் இருந்தது, இப்போது புதிய சட்டத்தின் 196ஆம் பிரிவில் இருக்கிறது. அந்த விசாரணையில் உடனிருக்க உறவினர்களுக்கும் இடம் உண்டு. உடற்கூறாய்வை வீடியோவில் பதிவு செய்யும்படி எழுதிக் கொடுத்து, மனுவைப் பெற்றுக்கொண்டதற்கான கையொப்பத்தை நகலில் வாங்குங்கள். அதைச் செய்து முடிக்கும்வரை, எவ்வளவு அவசரப்படுத்தினாலும், உடலைப் பெற்றுக்கொண்டதாக எந்தத் தாளிலும் கையெழுத்திடாதீர்கள்.