தகனம் முடிந்த பிறகு வந்த மரண அறிவிப்பு: மெயில் எங்கே நின்றது?

கேள்வி: சாட்ஸ்வொர்த்தில் எங்கள் தமிழ்ச் சபைக்கு ஒரு மெயிலிங் லிஸ்ட் இருக்கிறது. சுமார் 400 உறுப்பினர்கள். இணையதள ஹோஸ்டிங்கோடு வந்த சிபேனல் என்ற நிர்வாகப் பக்கத்தில் இருக்கும் மெயில்மேன் என்ற லிஸ்ட் மென்பொருள்தான். போன வியாழன் காலை ஒரு மூத்த உறுப்பினரின் மரண அறிவிப்பை அனுப்பினேன். பாதிப்பேருக்கு உடனே கிடைத்தது. மற்றவர்களுக்கு மறுநாள்தான் வந்தது. அதற்குள் தகனமே முடிந்துவிட்டது. தளம் அமைத்துக் கொடுத்தவர், "தனி ஐ.பி. (மெயில் அனுப்பச் சபைக்கு மட்டுமான இணைய எண்) போட்டுத் தருகிறேன், மாதம் 900 ராண்ட்" என்கிறார். வாங்கலாமா? (சபைச் செயலாளர், டர்பன்)

பதில்: வாங்காதீர்கள். குறைந்தபட்சம் மெயில் எங்கே நின்றது என்று தெரியும்வரை ஒரு ராண்ட்கூடக் கொடுக்காதீர்கள்.

தாமதமாகப் பெற்ற ஒருவரிடம் போய், அவருடைய ஜிமெயிலைக் கணினியில் திறக்கச் சொல்லுங்கள். போனில் இந்த வசதி கிடைக்காது. அந்த மெயிலின் வலப்பக்கம் மூன்று புள்ளிகள் இருக்கும். அதில் 'ஷோ ஒரிஜினல்' என்பதை அழுத்தினால் மெயிலின் ஹெடர் முழுவதும் தெரியும். பார்க்கப் பயமாக இருக்கும். அதில் 'ரிசீவ்ட்' என்று தொடங்கும் பத்திகள் மட்டும் நமக்குப் போதும். கடிதம் கடந்து வந்த ஒவ்வொரு சர்வரும் தபால் முத்திரைபோல ஒன்றைக் குத்தியிருக்கும். புதிய முத்திரை மேலே விழும்; ஆகவே கீழிருந்து மேலாகப் படிக்க வேண்டும்.

உங்கள் மெயிலில் கீழே 09:14:07 +0200 என்றும், அதற்கு மேலே 09:14:11 +0200 என்றும், எல்லாவற்றுக்கும் மேலே கூகுளின் வரியில் 17:52:40 -0700 என்றும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். +0200 நம்முடைய நேரம். கூகுள் கலிஃபோர்னியா நேரத்தைப் போடும்: -0700 என்றிருந்தால் 9 மணி நேரம் கூட்டுங்கள், -0800 என்றிருந்தால் 10. ஆக 17:52 என்பது நமக்கு மறுநாள் விடியற்காலை 02:52. முதல் இரண்டு வரிக்கு நடுவே 4 விநாடி, அதற்கு அடுத்ததற்கு 17 மணி நேரத்துக்கு மேல். உங்கள் ஹோஸ்டிங் சர்வர் கடிதத்தை வாங்கிக்கொண்டது, ஜிமெயிலிடம் ஒப்படைக்க முடியாமல் கையிலேயே வைத்திருந்தது என்று பொருள். ஜிமெயில் வாங்கிய நேரம் சரியாக இருந்து, ஆள் பார்த்த நேரம்தான் மறுநாள் என்றால் அது அவர் போனின் சிக்கல். லிஸ்டில் கை வைக்காதீர்கள்.

17 மணி நேரம் ஏன்? ஜிமெயில் ஒரு சர்வரைச் சந்தேகப்பட்டால் 421 போன்ற 4-இல் தொடங்கும் எண்ணைச் சொல்லித் திருப்பி அனுப்பும். 'இப்போது வேண்டாம், பிறகு வா' என்று அதற்கு அர்த்தம். 5-இல் தொடங்கினால் 'வரவே வேண்டாம்'. 4-ஐக் கேட்ட சர்வர் மறுபடி முயலும். சிபேனலில் அஞ்சலைக் கொண்டுபோகும் எக்ஸிம் மென்பொருள், வழக்கமான அமைப்பில், முதல் 2 மணி நேரம் 15 நிமிடத்துக்கு ஒரு தடவை தட்டிப் பார்க்கும். அதற்குப் பிறகு 1 மணி, ஒன்றரை மணி என்று இடைவெளியை நீட்டிக்கொண்டே போகும். முதல் 2 மணி நேரத்தில் கதவு திறக்காவிட்டால் காலைக் கடிதம் ராத்திரிக்கோ விடியற்காலைக்கோ தள்ளிப்போவது இதனால்தான். நான்கைந்து நாள் முயன்ற பிறகே கைவிட வேண்டும் என்பது இணைய அஞ்சல் தரநிலையே சொல்லும் கணக்கு. யாரும் விதியை மீறவில்லை, செய்திதான் பிணம் எரிந்த பிறகு வருகிறது.

இப்போது உங்கள் ஆளின் 'தனி ஐ.பி.'க்கு வருவோம். இந்த ஊரில் எந்தச் சபை, எந்தக் கோயில் கமிட்டி போய்க் கேட்டாலும் இதைத்தான் முதலில் விற்கிறார்கள். ஒரு ஐ.பி. நாள்தோறும் ஒழுங்காக அனுப்புவதைப் பார்த்துத்தான் பெரிய அஞ்சல் நிறுவனங்கள் அதற்கு நற்பெயர் தருகின்றன. மாதத்துக்கு மூன்று நான்கு அறிவிப்பு போகும் சபையின் தனி ஐ.பி. என்றைக்கும் புதுமுகமாகவே இருக்கும். நிறுத்திவைப்பது கூடினாலும் கூடும். அப்போது அதே ஆள், புது ஐ.பி.யை மெல்ல மெல்லப் பழக்குவதாகச் சொல்லி, 'வார்ம்-அப் பேக்கேஜ்' என்று இன்னொன்றை நீட்டுவார். 'அன்லிமிடெட் இமெயில்' என்று விற்பவரையும் நம்பாதீர்கள். மணிக்கு இத்தனைதான் என்று, பலர் ஒரே சர்வரைப் பங்கிடும் பகிர்வு ஹோஸ்டிங்கில் பெரும்பாலும் ஒரு வரம்பு உண்டு. 'இந்தியச் சமூகத்து 20,000 முகவரி தருகிறேன்' என்பவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். சம்மதம் கேட்காமல் சேர்த்த முகவரிக்கு அனுப்பினால் ஸ்பேம் புகார் குவிந்து சபையின் பெயர்தான் கெடும். 2021 ஜூலை 1 முதல், தனிப்பட்ட தகவல்களைப் பாதுகாக்கும் போப்பியா சட்டமும் முழு வேகத்தில் அமலில் இருக்கிறது.

இன்னொன்றையும் இன்றைக்கே பாருங்கள்: உங்கள் டொமைன் (இணையதளப் பெயர்) யார் பெயரில் பதிவாகியிருக்கிறது? சபையின் பெயரிலா, தளம் செய்தவரின் பெயரிலா? அவர் பெயரில் இருந்தால் நாளை ஹோஸ்டிங்கை மாற்ற நினைத்தாலும் அவர் தயவில்தான் நிற்க வேண்டும். டொமைன் கணக்கின் பாஸ்வேர்ட், சிபேனல் பாஸ்வேர்ட் இரண்டும் சபையிடம் இருக்க வேண்டும். பேச்சு வளர்வதற்கு முன்பே கேட்டு வாங்கிவிடுங்கள், சண்டை வந்த பிறகு கிடைக்காது.

காசில்லாமல் சரிசெய்யக்கூடியது இது. அதே 'ஷோ ஒரிஜினல்' பக்கத்தின் மேலே எஸ்.பி.எஃப்., டி.கே.ஐ.எம்., டிமார்க் என்று மூன்று வரி (கடிதம் உண்மையிலேயே உங்கள் டொமைனிலிருந்து வந்ததா என்ற சோதனைகள்), பக்கத்தில் 'பாஸ்' அல்லது 'ஃபெயில்' என்று இருக்கும். 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயிலும் யாஹூவும் இந்த அடையாளச் சோதனைகளில் கெடுபிடியாகிவிட்டன. ஃபெயில் இருந்தால் சிபேனலில் 'இமெயில் டெலிவரபிலிட்டி' பக்கத்துக்குப் போங்கள். கோளாறான டொமைனுக்கு எதிரே 'ரிப்பேர்' பட்டன் இருக்கும். டொமைனின் டி.என்.எஸ். (டொமைனுக்கான முகவரிக் குறிப்புகள்) வேறிடத்தில் இருந்தால் அந்தப் பட்டன் வேலை செய்யாது. அங்கே காட்டும் வரிகளை எடுத்துக்கொண்டுபோய் அந்த இடத்தில் ஒட்ட வேண்டும். ஒரு டொமைனுக்கு எஸ்.பி.எஃப். வரி ஒன்றே ஒன்றுதான் இருக்கலாம். பழையதை எடுக்காமல் பக்கத்தில் புதிதாக ஒன்றைச் சேர்த்துவிட்டு பில் நீட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். இரண்டு இருந்தால் இரண்டும் செல்லாது.

பிறகு 'டிராக் டெலிவரி' பக்கம். யாருக்குப் போனது, யாருக்கு நின்றது, ஜிமெயில் என்ன பதில் சொன்னது என்று முகவரிவாரியாக அங்கே தெரியும். நின்றுபோன ஒரு முகவரியின் பதில் வரியை அப்படியே நகலெடுத்து ஹோஸ்டிங் நிறுவனத்துக்கு எழுதுங்கள். கூடவே இரண்டு கேள்வி: எங்கள் டொமைனுக்கு மணிக்கு எத்தனை மெயில் வரம்பு, லிஸ்டில் 400 பேருக்குப் போனால் அதை 1 என்று எண்ணுகிறீர்களா 400 என்றா? வரம்பைத் தாண்டியவற்றை வரிசையில் வைக்கிறீர்களா, தூக்கி எறிகிறீர்களா? 'கேஷை அழித்துப் பாருங்கள், பாஸ்வேர்டை மாற்றுங்கள்' என்று முதல் பதில் வரும். படிக்காமலே அனுப்பும் பதில் அது. அந்த 421 வரியை மறுபடி ஒட்டி, மேலதிகாரியிடம் அனுப்பச் சொல்லுங்கள். காசு வாங்கும் வேகத்தில் பாதி பதில் சொல்வதில் இருந்தாலும் இந்தக் கட்டுரைக்கே அவசியம் இருந்திருக்காது.

தாமதமானவர்களுக்கெல்லாம், அனுப்பிய நேரத்துக்கு அடுத்து வரும் நண்பகல் 12 மணியை ஒட்டி வந்திருந்தால் மேலே சொன்ன எதுவும் வேண்டாம். அவர்கள் 'டைஜஸ்ட்' உறுப்பினர்களாகப் பதிவாகியிருக்கிறார்கள். மெயில்மேன் அவர்களுக்கான கடிதங்களைச் சேர்த்துவைத்து நாளுக்கு ஒரு கட்டாக அனுப்பும். வழக்கமான நேரம் சர்வர் கணக்கில் நண்பகல். சப்ஜெக்டில் 'டைஜஸ்ட்' என்ற சொல்லே இருக்கும். உறுப்பினர் பட்டியலில் அந்த டிக்கை எடுத்துவிட்டால் போதும்.

கடைசியாக, உங்களுக்கு இந்தத் தடவை நேராவிட்டாலும் மரண அறிவிப்பில் அடிக்கடி நேர்வதைச் சொல்லியே ஆக வேண்டும்: படம். மெயில்மேனின் பழைய 2.1 பதிப்பில் ஒரு கடிதத்தின் அளவு வரம்பு 40 கிலோபைட்தான். யாரும் மாற்றாவிட்டால் அப்படியே இருக்கும். மாதாந்தரக் கூட்ட அறிவிப்பு வெறும் எழுத்து, உடனே போய்விடும். இறந்தவரின் படத்தை இணைத்தால், போனில் எடுத்த சின்னப் படமே 40-ஐத் தாண்டும். அனுப்பும்போது இணைப்பு மூன்றில் ஒரு பங்கு பெருகவும் செய்யும். அப்போது மெயில்மேன் கடிதத்தைத் திருப்பாது, போடவும் போடாது. லிஸ்டை மேற்பார்க்கும் மாடரேட்டரின் அனுமதிக்காக நிறுத்திவைக்கும். அந்த மாடரேட்டர் முகவரி, முந்தைய செயலாளர் என்றோ விட்டுவிட்ட பழைய முகவரியாக இருக்கும். லிஸ்ட் முகவரியை 'பி.சி.சி.'யில் போட்டாலும் இதே கதி. இப்படி நின்றால் ஒருவருக்கும் போகாது. எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தாமதமாக வரும். அனுமதித்த பிறகு வந்த கடிதத்தின் ஹெடரில் 'எக்ஸ்-மெயில்மேன்-அப்ரூவ்ட்-அட்' என்று ஒரு வரி, அனுமதித்த நேரத்தோடு நிற்கும். 'ஜெனரல் ஆப்ஷன்ஸ்' பக்கத்தில் அளவை 500 ஆக்குங்கள். அதே பக்கத்தில் மாடரேட்டர்களாக இப்போது விழித்திருக்கும் இருவரின் முகவரியைப் போடுங்கள். அளவில் சுழியம் போட்டால் வரம்பே இல்லை என்று அர்த்தம். அதைச் செய்யாதீர்கள், யாராவது காவடி வீடியோவை 400 பேருக்கும் அனுப்புவார்கள்.

மரண அறிவிப்பைப் படமில்லாமல், தகன நேரமும் இடமும் சப்ஜெக்டிலேயே வரும்படி அனுப்புங்கள். அதே நிமிடம் வாட்ஸ்அப்பிலும் போடுங்கள். வாட்ஸ்அப் இல்லாத முதியவர்களுக்கு இரண்டு பேர் போன் செய்யட்டும். எஸ்.பி.எஃப். வரியைத் திருத்தினால் ஒரு நாள் விட்டு, ஜிமெயில், யாஹூ, அவுட்லுக் முகவரி ஒவ்வொன்றை லிஸ்டில் சேர்த்து, காலை 9 மணிக்கு இரண்டு வரிச் சோதனைக் கடிதம் அனுப்புங்கள். 10 மணிக்குள் மூன்றுக்கும் வராவிட்டால் டிராக் டெலிவரியில் புதிதாக விழுந்த பதிலோடு ஹோஸ்டிங் நிறுவனத்துக்கு மறுபடி எழுதுங்கள்.